குட்டிக்குப் பேப்பர் கிடைக்குமா?

புக்கிட் மெர்தாஜாம் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பினாங்கில் பந்தயம் நின்றபிறகு ஒரு பெட்டைக் குதிரையை மலிவாக வாங்கியிருக்கிறார். "ஏழு வயசுதான், சுத்தமான தரோபிரெட், குட்டியே போட்டதில்லை" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நண்பர் ஒருவரிடம் சாம்பல் நிற அரபு ஆண்குதிரை இருக்கிறது. "ரெண்டையும் சேர்த்தா குட்டிக்குப் பேப்பர் கிடைக்குமா அண்ணே? எந்த இனம்னு பதியலாம்? எந்த மாசம் சேர்க்கறது நல்லது?" கூடவே குதிரையின் வலது தோள் தெரிகிற மாதிரி ஒரு படம்.

பேப்பர் என்று அவர் கேட்பது இனப் பதிவுச் சான்றை. சுருக்கமாகச் சொன்னால், அந்தக் குட்டி தரோபிரெட், அதாவது பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனத்தின் பதிவேட்டில் ஏறாது. அரபுப் பதிவேட்டிலும் தூய இனமாக ஏறாது. இரண்டும் கலந்த ஆங்கிலோ-அரபு என்று பதிய ஒரு வழி உண்டு, அதற்குத் தாய் தகப்பன் இரண்டுக்கும் செல்லுபடியாகும் பேப்பர் இருக்க வேண்டும். அந்த வேலையைக் குட்டி பிறந்தபிறகு தொடங்க முடியாது, குதிரைகளைச் சேர்க்கும் முன்பே தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் பெட்டையைச் சேர்க்கவே வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். தோளில் வெள்ளை முடியாக வளர்ந்திருக்கும் எழுத்தைப் பாருங்கள் தம்பி: மேலே 27, நடுவில் ஒரு கோடு, கீழே 4. என் அப்பா பினாங்கின் பத்து காந்தோங் பந்தயத் திடலில் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை பார்த்தவர். நான் பேப்பர் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே இதைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார். நம் நாட்டுக்கு வந்த ரேஸ் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பிறந்தவை. அங்கே இடது தோளில் பண்ணையின் முத்திரை இருக்கும். வலது தோளில் மேலே இருப்பது அந்த வருடம் அந்தப் பண்ணையின் எத்தனையாவது குட்டி என்ற எண், கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம். உங்கள் குதிரை 4 என்று முடியும் ஆண்டில் பிறந்தது. இதை எழுதுவது 2025-இல். ஏழு வயதென்றால் கீழே 8 இருந்திருக்க வேண்டும். ஆக அது 2014, பதினொரு வயது. விற்றவர் பொய் சொன்னாரோ, அவருக்கே தெரியாதோ, அதை விடுங்கள்.

2004 ஆக இருந்தால்? அதையும் பார்த்துவிடலாம். மேல் உதட்டைத் தூக்கி முன்வரிசையில் கடைசி ஓரப்பல்லைப் பாருங்கள். அதில் மேலிருந்து கீழாக ஒரு பழுப்புக் கோடு ஓடும். பத்து வயதுவாக்கில் ஈறை ஒட்டித் தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல் வரை இறங்கும், இருபதில் பல் முழுக்க இருக்கும். பல்லை வைத்துத் துல்லியமாக வயது சொல்ல முடியாது. பதினொன்றா இருபத்தொன்றா என்று சொல்ல அது போதும்.

அடுத்து சிப், அதாவது அடையாள எண் பதிந்த சின்ன மைக்ரோசிப். கழுத்தின் இடது பக்கம், பிடரிக்குக் கொஞ்சம் கீழே தோலுக்குள் இருக்கும். கால்நடை மருத்துவரிடம் ஸ்கேனர் இருக்கும், வைத்தால் 15 இலக்க எண் வரும். அந்த எண், தோள் முத்திரை, அடையாளப் படம் மூன்றும் பொருந்தினால்தான் 'சுத்தமான தரோபிரெட்' என்ற பேச்சுக்கே இடம். குதிரைப் பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்த அடையாளப் படத்தை ஒருமுறையாவது பாருங்கள். நெற்றி வெள்ளை, கால் வெள்ளையோடு சுழிகளையும் குறித்திருப்பார்கள். நம் தாத்தாக்கள் ராசிக்காகச் சுழி பார்த்துக் குதிரை வாங்கினார்கள். பதிவேட்டுக்காரர்கள் அதே சுழியை ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்கப் பார்க்கிறார்கள். சுழி பார்ப்பதைக் கிண்டல் செய்தவர்களிடம் அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

சரி, பதிவேடு என்றால் என்ன? இங்கிலாந்தில் 1791-இல் வெதர்பி என்பவர் பந்தயக் குதிரைகளின் வம்சாவளியைத் தொகுத்து அச்சிட்டார். அதுதான் இன்றைய தரோபிரெட் பதிவேட்டின் வேர். அதற்கு முன் யாரும் தன் குதிரைக்கு எந்தத் தகப்பனின் பெயரையும் சொல்லிப் பந்தயத்தில் இறக்கலாம், விற்கலாம். இன்றைய தரோபிரெட் ஒவ்வொன்றின் தந்தைவழியையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் பையர்லி டர்க், டார்லி அரேபியன், காடால்பின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் ஒன்றில் போய் முடியும். பெயரைப் பார்த்தாலே தெரியும், மூன்றும் கிழக்கிலிருந்து போனவை. அரபு ரத்தத்தில் தொடங்கிய இனம் இன்று அரபுக் குதிரைக்கே கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. இதைத்தான் மூடிய பதிவேடு என்கிறோம். அப்பா அம்மா இரண்டும் ஏற்கெனவே உள்ளே இருந்தால்தான் பிள்ளைக்கு இடம். உங்கள் குட்டிக்கு அம்மா மட்டும்தான் உள்ளே.

தரோபிரெட்டில் இன்னொரு விதி பலருக்கு வியப்பாக இருக்கும். செயற்கைக் கருவூட்டல் கூடாது. கருவை வேறு பெட்டையின் வயிற்றில் வைக்கும் கருமாற்றம் கூடாது, குளோனிங்கும் கூடாது. ஆண்குதிரை நேரில் ஏறியிருக்க வேண்டும். அதனால்தான் பெரிய பொலிகுதிரைகளை (இனப்பெருக்கத்துக்கான ஆண்குதிரைகளை) விமானத்தில் ஏற்றி, வட அரைக்கோளத்தில் ஒரு பருவம், ஆஸ்திரேலியாவில் ஒரு பருவம் என்று கொண்டுபோகிறார்கள். குப்பியில் விந்தை அனுப்ப விட்டால் உலகத்தில் பத்து ஆண்குதிரைகளே எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பனாகிவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. பணக்கணக்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. நேரில் ஏற்றியும் கூட்டம் குறையவில்லை. ஒரு பொலிகுதிரைக்கு ஓர் ஆண்டில் 140 பெட்டைகள்தான் என்று அங்கே தரோபிரெட் பதிவேட்டை வைத்திருக்கும் அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-இல் ஒரு வரம்பு கொண்டுவந்தது. பெரிய பண்ணைகள் நீதிமன்றம் போயின, 2022-இல் கிளப் விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இனத்தின் நலனும் முதலாளியின் நலனும் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அரபுப் பதிவேடுகளில் கருவூட்டலுக்கு இடமுண்டு, ஆனால் ரத்தத்தில் கறார். உலக அரபுக் குதிரை அமைப்பு தூய அரபு எது என்பதற்கு வைத்திருக்கும் விளக்கம் வேடிக்கையானது: தாங்கள் ஏற்றுக்கொண்ட பதிவேடு ஒன்றில் இருப்பது எதுவோ அதுவே தூய அரபு. அழகு, குழிந்த முகம், தூக்கிய வால் எதுவும் கணக்கில் இல்லை. உங்கள் நண்பரின் குதிரை எவ்வளவு அழகாக இருந்தாலும், பேப்பர் இல்லை என்றால் பதிவேட்டுக்கு அது வெறும் சாம்பல் நிறக் குதிரை. தெரெங்கானுவில் 2008-இல் உலக எண்டியூரன்ஸ் போட்டி நடந்த நாட்டில் இருக்கிறோம். நெடுந்தூர ஓட்டத்துக்காக வந்த நல்ல அரபுக் குதிரைகள் இங்கே உண்டு, பேப்பரும் உண்டு. அதனால் நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இரண்டுக்கும் பேப்பர் இருந்தால், பிறப்பது பாதி அரபு, பாதி தரோபிரெட். அமெரிக்க அரபுக் குதிரைச் சங்கம் ஆங்கிலோ-அரபுக்கு வைத்திருக்கும் கணக்கு, அரபு ரத்தம் 25 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, 75-ஐத் தாண்டக் கூடாது என்பது. உங்கள் குட்டி 50. பிரான்சில் இந்தக் கலப்பையே தனி இனமாக வளர்த்து வந்திருக்கிறார்கள். ஆக நீங்கள் நினைக்கும் கலப்பு முட்டாள்தனமானது இல்லை. ஆனால் எந்தப் பதிவேடு என்று முதலில் தீர்மானித்து, அவர்களுக்கு எழுதி, மலேசியாவில் பிறக்கும் குட்டிக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு சேர்க்க வேண்டும். பொதுவாகக் கேட்பது இவை: ஆண்குதிரையின் டி.என்.ஏ. பதிவு, பெட்டையின் டி.என்.ஏ. பதிவு, எந்தெந்தத் தேதியில் ஏறியது என்று ஆண்குதிரைக்காரர் கையெழுத்திட்ட சான்று, பெட்டை உங்கள் பெயருக்கு மாறியதற்கான ஆதாரம், பிறந்தபின் குட்டியின் முடி. கடைசியாகச் சொன்னது சின்ன வேலை. பிடரியிலிருந்து இருபது முப்பது முடியை வேரோடு பிடுங்கி அனுப்பினால் போதும். மற்ற நான்கில் ஒன்று குறைந்தாலும் குட்டி பிறந்தபின் அதைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடு. பேப்பர் இல்லாமல் குதிரையை வாங்கிவிட்டு "அப்புறம் வாங்கித் தரேன்" என்ற வார்த்தையை நம்பி நான்கு வருடம் நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

இது வரைக்கும் தாள் கதை. இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

பதிவேட்டில் இருப்பதாலேயே ஒரு குதிரை குட்டி போடத் தகுந்தது என்று ஆகிவிடாது. அமெரிக்காவில் குவார்ட்டர் என்ற இனக் குதிரைகளுக்கு 1940-இல் சங்கம் தொடங்கினார்கள். அங்கே இம்ப்ரெஸிவ் என்று ஒரு ஆண்குதிரை இருந்தது. தசை திரண்டு சிலை மாதிரி இருக்கும், கண்காட்சிகளில் அதன் பிள்ளைகள் பரிசாக வாரின. ஆளாளுக்கு அதன் ரத்தத்தைத் தேடினார்கள். அந்தத் தசையோடு சேர்ந்து ஒரு நோயும் இறங்கியது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி உடம்பு நடுங்கும், திடீரென விழும், சில சமயம் எழுந்திருக்காது. அது ஒரே ஒரு மரபணுப் பிழை என்று 1992-இல் சோதனை வந்தது. ஆனால் இரு பக்கமிருந்தும் அந்தப் பிழையை வாங்கிய குட்டியைப் பதியமாட்டோம் என்ற விதி, 2007-இலிருந்து பிறந்த குட்டிகளுக்குத்தான் வந்தது. கண்டுபிடிப்புக்கும் விதிக்கும் நடுவில் பதினைந்து வருடம். விதி எப்போதும் நொண்டிக்கொண்டே பின்னால் வரும். அதற்குள் குட்டி போட வைத்தவனின் மனசாட்சி மட்டும்தான் காவல்.

மறுபக்கம் ஃப்ரீசியன். கோலாலம்பூர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளையை ஏற்றிப் படம் எடுக்க ஆசைப்படுகிறார்களே, அந்தக் கறுப்புக் குதிரை. நெதர்லாந்தில் அதன் பதிவேடு 1879-இல் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மூன்றே மூன்று பொலிகுதிரைகள்தான் எஞ்சின. அந்த இடுக்கு வழியாக வந்த இனம் என்பதால் குட்டைத்தன்மை, தலையில் நீர் கோர்த்தல் போன்ற குறைகள் இன்னும் தலைகாட்டுகின்றன. அதற்காக எந்த ஆண்குதிரையும் அங்கே பொலிகுதிரை ஆகிவிட முடியாதபடி சலிக்கிறார்கள், பெரும்பாலானவை சலித்து வெளியே போய்விடும். நம் ஊரில் காயடிக்காமல் விட்டிருப்பதே ஒரு தகுதி என்று நினைக்கிறோம். நண்பரின் குதிரையை ஏன் இன்னும் காயடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "மனசு வரலை" என்பதுதான் பதிலாக இருந்தால், அது பொலிகுதிரை இல்லை.

அரபு இனத்துக்கென்று சில பரம்பரை நோய்கள் உண்டு. மிக மோசமானது நோயெதிர்ப்பே இல்லாமல் பிறக்கும் குட்டி. பிறக்கும்போது பழுதே தெரியாது, துள்ளும். சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி தீர்ந்ததும் ஒவ்வொரு தொற்றாகப் பிடித்து, ஐந்தாறு மாதத்துக்குள் போய்விடும். இது வெளிப்பட இரண்டு பக்கமும் பிழை வர வேண்டும். உங்கள் பெட்டை உண்மையிலேயே தரோபிரெட் என்றால் உங்கள் குட்டி இதனால் சாகாது. ஆனால் ஆண்குதிரை சுமப்பதாக இருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பில் குட்டியும் அதைச் சுமக்கும். நாளைக்கு அதை இன்னொரு அரபுக் குதிரையோடு யாராவது சேர்க்கும்போது வெடிக்கும். முடியை அனுப்பி நண்பரின் குதிரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். சுமப்பது குற்றமில்லை, தெரியாமல் பரப்புவதுதான் குற்றம். சிறுமூளை தேய்ந்து தள்ளாடும் நோய்க்கும் அதே முடியில் பார்த்துவிடலாம்.

இப்போது உங்கள் பெட்டை. பதினொரு வயது, முதல் சினை. இந்த வயதில் முதல்முறை குட்டி தாங்கும் பெட்டைகளுக்குக் கருப்பை வாய் சரியாக நெகிழாது, உள்ளே நீர் தங்கும், சினை பிடிப்பதும் தங்குவதும் சிரமம். முடியாதது இல்லை. ஆனால் மருத்துவர் ஒருமுறை அல்ல, பலமுறை வர வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரவுக்கும் காசு.

அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும், புக்கிட் மெர்தாஜாம் இருக்கும் இதே செபராங் பிறையில் ஒருவர் தன் பழைய ரேஸ் பெட்டையைச் சேர்த்தார். பதினைந்தாம் நாள்வாக்கில் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரட்டை என்றால் அப்போதே ஒன்றை நசுக்கிவிடலாம், இரண்டும் அசைந்துகொண்டிருக்கும் நாட்கள் அவை. "வயிறு பிடிச்சா சரி, ஸ்கேன் எதுக்கு" என்றார் அவர். நானும் வற்புறுத்தவில்லை. எட்டாம் மாதம் ஒரு காலையில் கூப்பிட்டார். கொட்டகையின் மண்ணில் இரண்டு கிடந்தன. ஒன்று நாய்க்குட்டி அளவு. இன்னொன்றுக்கு முடி முளைத்து, குளம்புகூட முழுசாக, அந்தப் பிறக்காத குளம்புகளுக்கு இருக்கும் மஞ்சள் நிற ரப்பர் விரல்கள் மாதிரியான உறையோடு. மாட்டுக்கு இரட்டை பிறந்தால் கொண்டாடுகிறோம். குதிரைக் கருப்பையில் இரண்டுக்கு இடம் போதாது, பெரும்பாலும் இரண்டுமே போய்விடும். பெட்டை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அதற்குப் பிறகு ஸ்கேன் இல்லாமல் சினைக் குதிரை பக்கமே நான் போவதில்லை.

எந்த மாதம் என்று கேட்டீர்கள். குதிரைப் பெட்டைகள் பகல் நீளத்தைப் பார்த்துத்தான் பருவத்துக்கு வரும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வராது. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறோம், பகல் நீளம் அதிகம் மாறுவதில்லை. அதனால் வருடம் முழுக்க, சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும். சினை ஏறத்தாழ பதினொரு மாதம். மாதத்தைவிட நம் வெயிலும் புல்லும்தான் கணக்கு. அந்தக் காலத்து வெள்ளைக்கார டிரெய்னர்கள் 'ட்ரை கோட்' என்பார்கள், வியர்க்காத நோய். குளிர்ந்த நாட்டிலிருந்து வந்த குதிரைக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்வை நின்றுபோகும், மூக்கு விரிய மூச்சு வாங்கும். குடும்பவழியாகவும் வரக்கூடியது. உங்கள் பெட்டையை மத்தியானம் பத்து நிமிடம் நடக்கவிட்டுச் கழுத்தையும் விலாவையும் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் இந்த உரையாடல் அங்கேயே முடிந்தது. மாட்டுக்கு வெட்டிப்போடும் நேப்பியர் புல்லையே இதற்கும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. குட்டிக்கு எலும்பு கட்ட வேண்டிய சினைப் பெட்டைக்கு அது மட்டுமே தீனியாக இருந்தால் தன் முகத்து எலும்பையே கரைத்துக் கொடுக்கும். பக்கத்தில் எருமை, மாடு இருந்தால் உண்ணி, ஈ வழியாக வரும் நோய்களையும் சேர்த்து மருத்துவரிடம் பேசுங்கள். ஈ கடித்துப் பரவும் சுரா நோய் சினையைக் கலைக்கும்.

இதையெல்லாம் தாண்டியும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குட்டி யாருக்கு? 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பில் கடைசிப் பந்தயம் 2025 மே 31-இல் ஓடியது. அதற்கு முந்தைய அக்டோபரில் சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலும் மூடிவிட்டது. அதனால்தான் உங்களுக்கு இந்தக் குதிரை மலிவாகக் கிடைத்தது. ஓடி ஓய்ந்த நல்ல குதிரைகளே ஆள் தேடி நிற்கின்றன, பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கவும் எத்தனைக்குத்தான் இடம் இருக்கும்? குட்டிக்கு இருபத்தைந்து, முப்பது வருட ஆயுசு. நாலு வயசு ஆகிப் பழக்கி ஏறும்வரை வருமானம் கிடையாது. "வித்துக்கலாம்" என்றால், வாங்குபவர் யார் என்று இப்போதே ஒரு பெயர் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் நிலத்தையும் பணத்தையும் இந்தப் பெட்டைக்கே செலவழியுங்கள். நல்ல ஏறுகுதிரையாக இன்னும் பத்து வருடம் உங்களோடு இருக்கும். குட்டி ஆசை தீராவிட்டால், அதே பணத்தில் பேப்பரோடு இருக்கும் இளங்குதிரை ஒன்றை வாங்கலாம், குறைவாகவே ஆகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிப் எண்ணை எடுங்கள், பல்லைப் படம் பிடியுங்கள், நண்பரிடம் அவர் குதிரையின் பேப்பரைக் கேளுங்கள், மத்தியானம் பெட்டைக்கு வியர்க்கிறதா பாருங்கள். நான்கும் சரியாக வந்து, பதிவேட்டிலிருந்து எழுத்தில் பதிலும் வந்து, கருப்பையைப் பார்த்த மருத்துவரும் சரி என்று சொல்லி, அதற்கு மேலும் உங்கள் மனசு மாறவில்லை என்றால், நான் தடுக்கமாட்டேன். முந்நூற்று இருபதாம் நாளிலிருந்து இரவில் யாராவது கொட்டகையில் படுக்க வேண்டும். பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும், இரண்டில் பால் குடிக்க வேண்டும், மூன்றில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். எது தவறினாலும் மருத்துவருக்குப் போன். வெள்ளைப் பைக்குப் பதிலாகச் சிவப்பு வெல்வெட் மாதிரி ஒன்று முதலில் எட்டிப் பார்த்தால் போன் பண்ணக்கூட நேரம் இல்லை, அந்த நிமிடமே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே மூச்சு முட்டும். பத்தாம் மாதம் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் தம்பி. கத்தரிக்கோலும் டார்ச்சும் நானே கொண்டுவருகிறேன்.